அக்காவின் ஐந்தாவது துலாபாரம்

விழாவுக்குத் தலைமையேற்று, எனக்கு ஐந்தே நிமிடம் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அமர்ந்திருக்கிற கோயில் கமிட்டித் தலைவர், மதிப்பிற்குரிய பால்சாமி ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கிற பெரியோர்களே! மலையேறி இறங்கி, காலில் அட்டை கடித்த தழும்போடும் விரலில் ஏலக்காய் வாசத்தோடும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிற என் தாய்மார்களே! ராசிங்காபுரத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற உறவுகளே! ஜீப்பை வரிசையாக நிறுத்திவிட்டு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிற ஓட்டுநர் அண்ணன்மார்களே! உங்கள் எல்லோருக்கும் எடைத்தராசு மெக்கானிக் முத்துக்கண்ணனின் வணக்கம்.

விசில் வேண்டாம், சுருளி அண்ணே. இது விசிலடிக்கிற பேச்சு இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு இந்தக் கோயிலுக்கு மின்னணுத் தராசு ஒன்றும், பந்தலின் கடைசியில் நிற்பவருக்கும் தெரிகிற மாதிரி சிவப்பு எண்கள் ஒளிரும் பலகை ஒன்றும் நான் செய்து கொடுத்தேன். அதற்குத்தான் சற்றுமுன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய பொன்னாடையை மடித்து இந்த மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

எனக்குச் சுற்றி வளைக்க வராது. டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். தராசு தப்புக் காட்டினால் மூடியைத் திறப்பேன், பழுது எங்கே என்று பார்ப்பேன், சொல்லுவேன். இன்றும் அதைத்தான் செய்யப்போகிறேன். ஒரு பழுது நடந்தது. எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

என் அக்கா பாண்டீஸ்வரியை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் யார்? மலைமேல் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் பதினெட்டு வருடம் காய் பிரித்து, மூட்டை கட்டி, இங்கிருந்து தினமும் ஜீப்பில் போய்வந்தவள். அப்போது அவள் உடம்பு பெரிய உடம்பு. எத்தனை கிலோ என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் எடையை மூன்று முறை இந்த ஊருக்கே சிவப்பில் எழுதிக் காட்டியவன் நான். இனி என் வாயிலிருந்து அந்த எண் வராது.

ஆனால் ஜீப்புக் கதையைச் சொல்லலாம். ஜீப் ஓட்டுகிற சுருளி அண்ணன் ஆள் எண்ணுவார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... பாண்டீசு அக்கா நாலு, அஞ்சு!" ஜீப்பே சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். "ஏலேய் சுருளி, நான் ரெண்டாளு சோலி பாக்குறேன்ல, அப்ப ரெண்டாளாத்தான் எண்ணணும்" என்பாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்தச் சுவரைப் பார்த்தவன் நான். சர்க்கரை ஏறியது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. கணவரை இழந்தவள், ரோஜா என்று ஒரே பெண்பிள்ளை. "இவளக் கரையேத்துற வரைக்குமாவது நான் இருக்கணும்டா அப்பு" என்றாள்.

ஆறு வருடத்துக்கு முன்பு மதுரையில் அறுவைச் சிகிச்சை செய்தோம். இரைப்பையைச் சுருக்கிவிடுகிற சிகிச்சை. மருத்துவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "இது பாதி வேலைதான். மீதி ஆயுசுக்கும் இருக்கு. சத்து மாத்திரை தினமும். வருசத்துக்கு ஒருதடவை ரத்தப் பரிசோதனை. முதல்ல பருப்பு, முட்டை, மீனு. அப்புறம்தான் சோறு. நடக்கணும். ரெண்டு வருசம் இறங்கும். அதுக்கப்புறம் கொஞ்சம் ஏறும். எறங்குனதுல ஒரு பங்கு திரும்பி வர்றது தோல்வி இல்லை. பயப்படாம என்கிட்ட வாங்க."

எத்தனை தெளிவான பேச்சு! நான் கேட்டேனா? கேட்டேன். எதைக் கேட்டேன்? "இறங்கும்" என்றதைக் கேட்டேன். "ஏறும்" என்றதை விட்டுவிட்டேன்.

இதற்கிடையில், இதோ முன்வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாரே என் ஆத்தா மொக்கம்மாள், அவர் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். மகள் பிழைத்து வந்தால் ஐந்து வருடம், ஐந்து திருவிழா, அம்மனுக்குத் துலாபாரம். ஒரு தட்டில் மகள், மறு தட்டில் அவள் எடைக்கு எடை மண்டை வெல்லம். ஆத்தா, அழாதே. தப்பு உன் வேண்டுதலில் இல்லை. அதற்கு விளக்குப் போட்டவன் நான்.

முதல் வருடம் பழைய தொங்கு தராசு. வெல்லத்தை அடுக்கினார்கள், தட்டு தூக்கியது, மேளம் கொட்டியது, முடிந்தது. எத்தனை கிலோ என்று யாருக்குத் தெரியும்? அம்மனுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். அது போதாதா? எனக்குப் போதவில்லை! "என்ன இது, குத்துமதிப்பா? கிராம் சுத்தமா நான் காட்டுறேன்" என்று கிளம்பினேன்.

இரண்டாம் வருடம் பலகை வந்தது. அக்கா ஏறி உட்கார்ந்தாள். எண்கள் ஓடின, நின்றன. ஊர் எழுந்து நின்றது! குலவை போட்டீர்கள். பட்டாசு போட்டீர்கள். சுருளி அண்ணன் ஓடிவந்து, "யக்கா, இனிமே நீ முக்கா ஆளுதான், முக்கா ஆளுதான்" என்று கத்தினார். அக்கா அழுதாள், சிரித்தாள், என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள். அந்த முத்தத்துக்கு நான் தகுதியா என்று இன்று கேட்டால், என்ன பதில் சொல்வேன்?

மூன்றாம் வருடம். எண்கள் ஓடின, நின்றன. கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான். மருத்துவர் சொன்ன அதே கொஞ்சம். குலவை பாதியில் நின்றது. பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏறிருச்சுடோய்!"

அந்தக் குரல் யாருடையது என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த வருடம் முழுக்க எந்தக் கல்யாண வீட்டில் அவளைச் சும்மா விட்டீர்கள்? "என்னத்தா இது, கோழி கொத்துற மாதிரி கொத்திக்கிட்டு? இன்னும் ஒரு கரண்டி வையி" என்று இலையில் சரித்தவர் யார்? "சோறு எறங்கலையா, அப்ப இந்தப் பாயசத்தயாவது குடி, தண்ணிதான" என்று டம்ளரைக் கையில் திணித்தவர் யார்? சுருங்கிய இரைப்பையில் சோறு நிற்கும். பாயசம் நிற்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும், எடையாக ஏறும். ஊட்டிய கையும் இந்த ஊர்க் கை! சுட்டிய விரலும் இந்த ஊர் விரல்! ஒரே கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு, "கட்டுப்பாடு இல்லாதவ" என்று அவளையே சொன்னோமே, நியாயமா?

தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது, ஐயா. நானும் எதற்கும் பொறுமை இல்லாதவன்தான். இன்று ஒருநாள் நீங்கள் எனக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வருடம். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. இந்தமுறை யாரும் எதுவும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். மேளக்காரர் மட்டும் கடமைக்கு இரண்டு தட்டுத் தட்டினார். அக்கா தட்டிலிருந்து இறங்கும்போது சேலையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள். தெருவையே அதட்டி நடந்தவள், தெரு ஓரமாக நடந்து வீட்டுக்குப் போனாள். மருத்துவரிடம் அந்த வருடப் பரிசோதனைக்கு அவள் போகவில்லை. கேட்டால், "கொறச்சுக்கிட்டுப் போறேன்டா. இப்படியே போயி அந்த மனுசன் மொகத்துல எப்படி முழிக்க?" என்றாள். பாருங்கள், பழுது வந்த தராசு, பழுது நீங்கியபிறகு பட்டறைக்கு வருகிறேன் என்கிறது! யார் அவளுக்கு அந்த வெட்கத்தைக் கொடுத்தது?

அதே வாரம் என் கடைக்கு வந்தாள். நான் ஒரு கடைத் தராசைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேட்டாள்:

"அப்பு, அந்தக் கோயில் மெசினு இருக்குல்ல... அது ஒரு ரெண்டு கிலோ கொறச்சுக் காட்டாதா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கேலி மாதிரிதான் கேட்டாள். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. சொன்னேன்: "மெசினு பொய் சொல்லாதுக்கா. நீ கொறை."

ஐந்து சொல். அம்மாமார்களே, அப்பன்மார்களே, ஐந்தே சொல்! அவள் எழுந்தாள். "அதுவுஞ் சரிதான்" என்றாள். போய்விட்டாள்.

அடுத்த திருவிழா ஐந்தாவது. கடைசித் துலாபாரம். வேண்டுதல் முடிகிற வருடம். அதில் தலைகுனியக் கூடாது என்று அக்கா முடிவு செய்தாள். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சத்து மாத்திரை போட்டால் சதை போடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, ஏனென்றால் உங்களில் பலரும் அதை நம்புகிறீர்கள். சத்து என்றால் சதை என்று நினைக்கிற ஊர் இது. மாத்திரையை நிறுத்தினாள். அப்புறம் சோற்றை நிறுத்தினாள். பருப்பை நிறுத்தினாள். திருவிழாவுக்கு ஏழு வாரம் இருக்கையில் வெறும் நீராகாரம். அதுவும் வாந்தி. ஸ்டோரில் கேட்டவர்களிடம் "பித்தம்" என்றாள், வீட்டில் "வேலையிலயே சாப்டேன்" என்றாள்.

உடம்பு இளைத்தது. நாங்கள் என்ன செய்தோம்? மகிழ்ந்தோம்! சொல்லவே நா கூசுகிறது, மகிழ்ந்தோம். "பரவாயில்லையே, மறுபடி எறங்கிட்டியே" என்று நானே சொன்னேன். செத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துச் சபாஷ் சொன்னவன் நான்.

கொடியேற்றத்துக்குப் பதினொரு நாள் முன்பு, ஜீப்பிலிருந்து இறங்கியவள் நடக்கவில்லை. கால் பின்னியது. கண் ஒரு நிலையில் நிற்கவில்லை. சுருளி அண்ணன்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வரும்போது, "ரெண்டாளு இல்லடா, முத்துக்கண்ணா, அர ஆளு கூட இல்லடா" என்று கதறினாரே... அண்ணே, இறங்கிப் போகாதீங்க. உங்களைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. இருங்க.

மதுரையில் சொன்னார்கள். மூளைக்கும் நரம்புக்கும் வேண்டிய ஒரு சத்து இருக்கிறது. தயமின் என்று பெயர். உடம்பில் அதன் இருப்பு சில வாரத்துக்குத்தான். சாப்பாடும் இல்லாமல், மாத்திரையும் இல்லாமல், வாந்தியும் எடுத்தால் தீர்ந்துவிடும். தீர்ந்தால் மூளை அடிபடும். "எத்தனை நாளாக வாந்தி?" என்று கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கிலோவில் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை எடை சொல்லத் தெரிந்த தம்பிக்கு, அக்கா எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்லத் தெரியவில்லை!

உயிர் தங்கிற்று. ஆனால் இன்று அவளால் பிடிமானம் இல்லாமல் நாலடி நடக்க முடியாது. பழையதெல்லாம் நினைவிருக்கிறது, ஸ்டோர், ஜீப், இறந்துபோன மச்சான், ரோஜா பிறந்த நாள். புதியது எதுவும் மனசில் ஒட்டாது. காலையில் சொன்னது பகலில் இருக்காது.

அவளைக் கூட்டிவந்தபிறகு ரோஜா ஒன்றைக் கண்டெடுத்தாள். அரிசிப் பானைக்குப் பின்னால், ஏலக்காய் மூட்டைக்குள் விரிக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் பை. வாயை முறுக்கி, மடக்கி, சணலால் இரண்டு சுற்றுக் கட்டியிருந்தது. பிரித்தால், பதினொரு மாத மாத்திரை. ஒன்றுகூடக் கெடவில்லை, ஒன்றுகூட ஈரம் படவில்லை. காய்க்குக் கட்டுகிற மாதிரியே கட்டி வைத்திருந்தாள்.

தாய்மார்களே, இது உங்கள் தொழில், உங்களுக்கே தெரியும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ. ஆனால் காயவைத்ததோடு முடிந்ததா? பையைத் திறந்து போட்டால் மலைப்பனியை அந்தக் காய் குடித்துவிடும், நிறம் போகும், எடை ஏறும். அது காயின் குற்றமா? அக்காவே புதுப் பெண்களை அதட்டுவாள்: "ஏ புள்ள, காய வச்சுட்டா ஆச்சா? ஒழுங்காக் கட்டி வையிடி, வெரசா!" அறுவைச் சிகிச்சை என்பது காயவைத்தது. அதன்பிறகு வருகிற வருடங்கள்தான் கட்டிவைப்பது. பத்து வருடம், இருபது வருடம், ஒவ்வொரு நாளும் கட்டவேண்டும். அதை ஒருத்தி தனியாகக் கட்ட முடியுமா? பையின் வாயை ஒருவர் பிடிக்க வேண்டாமா? நாங்கள் பிடிக்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது என் தொழில். கடைத்தெருவில் முத்திரை குத்திய தராசு ஒவ்வொன்றுக்கும் பிழை வரம்பு என்று ஒன்று உண்டு. இத்தனை கிராம் கூடலாம், இத்தனை கிராம் குறையலாம், அதற்குள் இருந்தால் அது நல்ல தராசு என்று நானே கையெழுத்துப் போடுகிறேன். இரும்புக்கு வரம்பு கொடுத்தேன். கம்பிச் சுருளுக்கு வரம்பு கொடுத்தேன். ரத்தமும் சதையுமான என் அக்காவுக்குக் கொடுத்தேனா? ஏறியது எல்லாம் மருத்துவர் சொன்ன வரம்புக்குள்தானே இருந்தது! அவள் தோற்கவே இல்லையே! வென்று நின்றவளைத் தோற்றவள் என்று ஒளிரவைத்தது எது? அந்தப் பலகை. செய்தது யார்? நான். பழுது அங்கேதான் இருந்தது.

இந்தப் பந்தலில் இதே சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். யார் என்று சொல்லமாட்டேன், கை தூக்கவும் சொல்லமாட்டேன். ஒரே ஒரு சொல்: ஏறியிருந்தால் அப்படியே போங்கள். குறைத்துக்கொண்டு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். மதுரைக்குத் துணை வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள், ரயிலில் நானே கூட வருகிறேன். எத்தனை கிலோ என்று கேட்கமாட்டேன்.

இப்போது ஆத்தாவின் குறை. ஐந்தாவது துலாபாரம் நிற்கிறது, அதனால்தான் மகள் எழவில்லை என்று ஒரு வருடமாக ஆத்தா சாப்பாடு இறங்காமல் கிடக்கிறார். நாளைக்கு அக்காவைத் தூக்கிவந்து தட்டில் உட்காரவைக்கப் போவதாகக் கமிட்டியிலும் சொல்லிவிட்டார். ஆத்தா, மன்னித்துக்கொள். அவளை அந்தத் தட்டில் நான் உட்காரவிட மாட்டேன்.

தலைவர் ஐயா திரும்பிப் பார்க்கிறார். ஆமாம் ஐயா, பார்க்கிற இடம் சரிதான். அந்தத் தூணில் இப்போது நாலு திருகாணி ஓட்டைதான் இருக்கிறது. பலகையை மதியமே கழற்றிவிட்டேன். கமிட்டியைக் கேட்காமல் செய்தது தப்பு. அபராதம் போடுங்கள், கட்டுகிறேன். ஆனால் திருப்பி மாட்டச் சொல்லாதீர்கள்.

பழைய தொங்கு தராசை எண்ணெய் போட்டு இறக்கி வைத்திருக்கிறேன். வேண்டுதலை உடன்பிறந்தவர் செலுத்தலாம் என்று பூசாரி சொல்லிவிட்டார். நாளைக் காலை அந்தத் தட்டில் நான் உட்காருகிறேன். என்னைப் பார்த்தாலே தெரியும், வெல்லம் நிறைய ஆகும். சிரியுங்கள், சுருளி அண்ணே, தாராளமாகச் சிரியுங்கள்! என்னை மூன்று ஆளாக எண்ணுங்கள்! அம்மனுக்கு வெல்லம் குறையாது, ஆத்தாவின் வாக்கும் குறையாது.

என்ன ஐயா? மைக்கில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்... "தட்டுல உக்காருப்பா. நான் வெல்லம் எடுத்து வைக்கிறேன்" என்கிறார் பால்சாமி ஐயா. இந்தக் கையைக் கும்பிடுகிறேன், ஐயா.

கடைசியாக ஒன்று. நின்றுபோன அந்த ஐந்தாவது துலாபாரத்தை நினைத்துக்கொண்டு அக்கா தினமும் விடிந்ததும் என்னைக் கேட்பது ஒரே கேள்வி. "அப்பு, எடை போட்டாச்சா?" ஒரு வருடமாக நான் உண்மையைச் சொன்னேன். "இன்னும் இல்லக்கா." உடனே அவள் முகம் மாறும். தட்டை ஒதுக்கிவைப்பாள். "அப்பச் சோறு வேணாம்" என்பாள். மறந்துவிடுவாள். மறுநாள் கேட்பாள். நான் மறுபடி உண்மையைச் சொல்வேன், அவள் மறுபடி தட்டை ஒதுக்குவாள். மெசினு பொய் சொல்லாது என்றவன் அல்லவா நான்! பொய் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. மெசினுதான் பொய் சொல்லாது. மனுசன் சொல்லலாம். சொல்ல வேண்டும்.

இங்கிருந்து இரண்டாவது தெருவில், எங்கள் வீட்டு வாசலில், அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தட்டோடு ரோஜா இருக்கிறாள். அந்தத் தெரு முக்கில் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கரை மதியம் நான்தான் வீட்டுப் பக்கம் திருப்பிவைத்தேன். இந்தப் பேச்சு முழுக்க அவள் காதில் விழுந்திருக்கும், பாதி இந்நேரம் மறந்தும் போயிருக்கும். அவள் கேட்டுக்கொண்டே இருக்கப்போகிறாள், என்னை, உங்களை, தெருவில் போகிற வருகிற எல்லோரையும். நாளை நடக்கப்போவதை இன்றே சொல்வோம். பொய்யென்றால் அந்தப் பாவம் எனக்கு. நான் கேட்கிறேன், ஊரே பதில் சொல்லுங்கள். குலவையைப் பாதியில் நிறுத்திய அதே வாயால் சொல்லுங்கள்!

எடை போட்டாச்சா?

...பத்தாது. இரண்டு தெரு தாண்டிப் போகவேண்டும். பாண்டீஸ்வரிக்கு எடை போட்டாச்சா?

ஆமாம்! போட்டாச்சுக்கா! எல்லாம் சரியா இருக்காம். நீ சாப்புடு.

இவ்வளவு நேரம் இந்த முரட்டுப் பேச்சைத் தாங்கிக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், அழுதுகொண்டே குலவையிட்ட தாய்மார்களுக்கும், கீழே இறங்காமல் இருந்த சுருளி அண்ணனுக்கும், என் அக்காவின் பக்கம் திரும்பிய உங்கள் அத்தனை குரல்களுக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.